சாலைக்கு மார்க் போடுவது எப்படி?

சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: "ரோட்டை அகலப்படுத்தினா டிராஃபிக் குறையும்தானே தம்பி?" என் பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம்மைப் போலவே சாலைகளுக்கும் கிரேடு உண்டு, தெரியுமா? அமெரிக்காவில் 1965-ல் வந்த நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு, ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்தது. வண்டிகள் தடையில்லாமல் ஓடினால் ஏ, ஊர்ந்தால் எஃப். கலிபோர்னியாவிலும் பல ஆண்டுகள் இந்த மார்க்தான் பேசியது. மார்க் குறைந்த சாலைக்கு வழக்கமான வைத்தியம் இன்னொரு லேன்!

லாஸ் ஏஞ்சலஸின் 405 நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். செபுல்வேடா கணவாயில் சுமார் 10 மைலுக்கு ஒரு கார்பூல் லேன் சேர்த்தார்கள். செலவு 100 கோடி டாலருக்கும் மேல். 2014-ல் திறந்தார்கள். உச்ச நேர நெரிசல் மட்டும் போகவில்லை. இடம் கிடைத்ததும், அதுவரை வேறு வழியில், வேறு நேரத்தில் போனவர்களும் அங்கே வந்துவிடுவார்கள் என்பதுதான் காரணம்.

இதற்கிடையே, 2008-ல் ஒரு சட்டம் வாகனப் புகையைக் குறைக்க ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இலக்கு வைக்கச் சொன்னது. இங்கேதான் சிக்கல். சாலை நல்ல மார்க் வாங்க வாங்க வண்டி ஓட்டம் கூடும், வட்டாரமோ இலக்கில் பின்தங்கும். பஸ்ஸுக்குத் தனி லேன் ஒதுக்கினால் கார்கள் தாமதமாகி மார்க் குறையும். தாமதத்தை வண்டிக்குத்தான் கணக்கிட்டார்கள், உள்ளே இருக்கும் தலைகளுக்கு அல்ல.

2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி, சுற்றுச்சூழல் ஆய்வில் கார் தாமதத்துக்குப் பதிலாக, ஒரு திட்டத்தால் வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 2020 ஜூலை முதல் மாநிலம் முழுக்க இதுதான் நடைமுறை.

எனக்கு இதில் முக்கால்வாசி சம்மதம். ஆனால் வாடகை கட்டுப்படியாகாமல் தூரத்தில் குடியிருந்து தினமும் 405-ல் காத்துக்கிடக்கிறவருக்கு என்ன பதில்? ஓடும் மைலைக் குறைப்பது மட்டும் அவருக்கு வேலையை அருகில் கொண்டுவராது. பஸ்ஸும் ரயிலும் பக்கத்தில் வீடும் வந்தால்தான் வரும். எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்கிறார்கள் என்பதற்கும் மார்க் வேண்டும்.

கேள்வித்தாளைப் பார்த்துத்தானே நாமும் படிக்கிறோம்? சாலை போடுகிறவர்களும் அப்படித்தான். நீங்கள் கேள்வித்தாள் தயாரித்தால் முதல் கேள்வி எதுவாக இருக்கும்?