அம்பு ஸ்டிக்கர்

குன்னத்தூரில் கரண்ட் போய் முக்கால் மணி நேரம். என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ எட்டும் பிரிண்டர் வாயில் பாதி வந்து நிற்கின்றன. ஸ்டுடியோவுக்குள் புழுக்கம் தாங்காமல் ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து வந்த கோபி பஸ் ஒன்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

ஸ்கூட்டரில் ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு ஐம்பது இருக்கும். மடியில் அணைத்து வந்த கட்டைப்பையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் குழந்தைகள் துணி. அரக்கு நிறத்தில் ஒரு ஃபிராக். காலர் வைத்த சாம்பல் நிற பிக்கே டி-ஷர்ட். கோடு போட்ட ரிப் துணியில் ஒரு செட். வைக்கும்போதே விரல் தானாகத் தோள் தையலைத் தடவி, கீழ் மடிப்பை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துணிக்கு நகர்ந்தது.

“ஏனுங்ணா, கேமரா ஒண்ணு வாங்கோணும். இவன் ஒண்ணு சொல்றான், எனக்கு மனசு ஒப்பல.”

ஸ்டுடியோக்காரருக்கு அறுபத்தைந்துக்கு மேல். ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிமில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துத் தொழில் பழகியவர். “உக்காரு அம்மிணி” என்று நாற்காலியைத் தள்ளினார். “மாப்ளே, நீ சொல்லு.”

பையன் போனை எடுத்து நீட்டினான். அவர்கள் பேச்சிலிருந்தே விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவர். இப்போது வீட்டிலேயே ஓவர்லாக், பேட்லாக் என்று ஆறு மெஷின் போட்டு, குழந்தைத் துணி தைத்து ஆன்லைனில் விற்கிறார்கள். படம் எல்லாம் போனில்தான். அரக்கு ஃபிராக் ரிட்டன் ரிட்டனாக வருகிறது. படத்தில் சிவப்பாக இருந்தது, வந்தது அரக்காக இருக்கிறது என்று வாங்கியவர்கள் எழுதுகிறார்கள்.

“ஃபுல் பிரேம் எடுத்துரலாமுங் மாமா. லோன் ஒரு லட்சம் கெடைக்குது. பாடிய மட்டும் இப்ப வாங்கிட்டு, லென்ஸ அப்பறம் பாத்துக்கலாம்.”

அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. பீரோவிலிருந்து தன்னுடைய கேமராவை எடுத்து வந்தார். சோனி ஏ6400, 2019-இல் வந்த மாடல். பேட்டரியோடு 403 கிராம். ஒரு படி அரிசியை விட லேசு. அந்த அம்மா வாங்கிக் கையில் வைத்துப் பார்த்து, “இத்தினிக்கூண்டுதானுங்ளா?” என்றார்.

“உள்ள கண்ணாடி இல்ல அம்மிணி. பழைய கேமராவுல மேல பாக்கறதுக்கு ஒரு கண்ணாடி சாய்ஞ்சு நிக்கும். அது போனதும் ஒடம்பு சுருங்கிருச்சு.”

பிறகு ஒரு செய்தித்தாள் ஓரத்தில் இரண்டு கட்டம் போட்டார். பெரியது ஃபுல் பிரேம் சென்சார், 36-க்கு 24 மில்லிமீட்டர். சின்னது இந்தக் கேமராவில் இருப்பது, ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பரப்பில் பாதிக்கும் குறைவு. பையன் பெரிய கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெருசு கல்யாண மண்டபத்துல வெளிச்சம் கம்மியா இருக்கறப்ப ஒதவும். பின்னால மங்கலாக்கறதுக்கும் நல்லாருக்கும். உனக்கு எதுக்கு மங்கோணும்? காலர்ல இருந்து அடித் தையல் வரைக்கும் எல்லாந் தெரியோணும். எஃப் 8-ல வச்சு எடுக்கப் போறே. இதுலயே 6000-க்கு 4000 புள்ளி இருக்குது. ஆன்லைன்ல போடறதுக்கு 2000 போதும்.”

கேமராவை வாங்கப் போகிறவரிடம் எதை எடுக்கப் போகிறாய் என்று முதலில் கேட்கிற மனிதரை நான் பார்த்ததே குறைவு. மேஜைமேல் துணி விரிந்து கிடந்ததால் இங்கே கேட்கவே தேவைப்படவில்லை.

மேஜையை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தினார்கள். நானும் ஸ்டூலோடு ஒதுங்கினேன். பையன் பிக்கே டி-ஷர்ட்டை விரித்து வீடியோ எடுத்தான். அம்மா பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதிலிருந்து சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிள்ளி, கேமராத் திரைமேல் ஒட்டினார். செக்கிங்கில் ஓட்டை, கறை, விட்ட தையல் எதைக் கண்டாலும் துணியில் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்.

“இங்க ஆல்ட்டர் இருக்குது பாரு கண்ணு.”

பையனுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்த எனக்கும் முதலில் தெரியவில்லை. அம்பு காட்டிய இடத்தில், சாம்பல் துணிமேல், பச்சையும் ஊதாவுமாக மெல்லிய அலை ஒன்று ஓடியது. துணியில் அது இல்லை. கேமராவை அசைத்தால் அலையும் நெளிந்தது.

“சபாஷ்” என்றார் ஸ்டுடியோக்காரர். “மாய்ரேன்னு பேரு. பனியன் துணி எடுக்கறவனுக்கு மொத எதிரி இதுதான்.” இரண்டு கொசுவலையைச் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் அலை அலையாகத் தெரியுமே, அதுதான் என்று விளக்கினார். துணியில் லூப் வரிசை கட்டி நிற்கிறது. சென்சாரிலும் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இரண்டு நெருக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகும்போது இல்லாத அலை ஒன்று பிறக்கிறது.

அந்த அம்மா டி-ஷர்ட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். “அப்ப 24 கேஜ் துணிக்கு ஒரு தூரத்துல வரும், 28 கேஜுக்கு இன்னொரு தூரத்துல வருமுங்ளா?”

பின்னல் மெஷினில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதுதான் கேஜ். ஊசி கூடக்கூட லூப் நெருங்கும். கேமராவை அன்றைக்குத்தான் தொட்டவர், நேராக அதன் நரம்பைப் பிடித்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் சற்று நேரம் அவரையே பார்த்தார். “ஆமா அம்மிணி” என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது லென்ஸ். கேமராவோடு வந்த 16-50 கிட் லென்ஸை 16-இல் வைத்து ஃபிராக்கை எடுத்தான். அடிப்பக்கம் அகன்று, தோள் சிறுத்து, வேறு அளவுத் துணி மாதிரி இருந்தது. “இது 2-3 வயசு சைஸுங், 4-5 மாதிரித் தெரியுது” என்றார் அம்மா. இப்படியும் ரிட்டன் வரும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஊட்டு ரூம்பு எத்தனை அடி?”

“பத்துக்குப் பத்துங்.”

இன்ச் டேப் அந்த அம்மாவின் பையிலேயே இருந்தது. அவர் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க, பையன் மறுமுனையோடு நடந்தான். ஃபிராக்குக்கு மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டால் மூன்றேகால் அடி உயரம் படத்தில் அடங்க வேண்டும். 16-இல் என்றால் இரண்டேகால் அடியில் நின்று எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டத்தில் நிற்பதால்தான் துணி உருவம் கெடுகிறது. 50-இல் என்றால் ஏழடி தள்ள வேண்டும். ஒரு டேப் முழு நீளம், அதற்கு மேல் 24 இன்ச். பையன் அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் மூன்றடி மிச்சம் வரும்.

“கொழந்தையப் போட்டு நிக்க வச்சு எடுக்கறதுக்கு?”

நாலடிக் குழந்தைக்கு 50 போட்டால் ஒன்பதரை அடி தள்ளிப் போக வேண்டும். பத்தடி அறையில் நடக்காது. 30-இல் ஆறடிக்குள் அடங்கும். ஆக 30-உம் வேண்டும், 50-உம் வேண்டும். ஸ்டுடியோக்காரர் செய்தித்தாள் ஓரத்திலேயே எழுதினார்: சிக்மா 18-50, எஃப் 2.8. முந்நூறு கிராம்கூட இல்லாத லென்ஸ்.

“பாடி எதுங் மாமா?”

“ட்ரைபாட்ல வச்சு எடுக்கறவனுக்கு உள்ளயே ஆட்டம் நிறுத்தற பாடி வேண்டியதில்ல. சோனி ஏ6700, ஃப்யூஜி எக்ஸ்-எஸ்20 எல்லாம் நல்லதுதான், வெல ஏறிப்போகும். சோனி இசட்வி-இ10 மொத மாடல் போதும். ரெண்டாவது மாடல்ல மெக்கானிக்கல் ஷட்டர எடுத்துட்டான். ஸ்டுடியோ ஃப்ளாஷ் போட்டீன்னா 1/30-க்கு எறங்கோணும். மிச்சக் காசுக்கு ரெண்டு லைட் வாங்கு. லைட்டுக்குக் காசு வைக்காதவன் எந்தக் கேமரா வாங்குனாலும் அழுவான்.”

கரண்ட் வந்தது. பிரிண்டர் என் முகத்தை மீண்டும் இழுக்கத் தொடங்கியது. உள்ளே ட்யூப்லைட் எரிந்ததும் அந்த அம்மா ஃபிராக்கைத் தூக்கி விளக்குக்குக் கீழே ஒரு முறை, வாசலில் ஒரு முறை பிடித்தார்.

“கம்பெனி லைட் பாக்ஸ்ல டி65-ல ஒரு நெறம் தெரியும், டிஎல்84-ல ஒரு நெறம் தெரியும். போன் எந்த லைட்டப் பாக்குதுங்?”

“அதுக்குன்னு ஒரு லைட் இல்ல. படம் பூரா அரக்கே நெறைஞ்சிருந்தா, வெளிச்சந்தான் செவப்புன்னு நெனச்சு அதாவே மாத்திக்கும்.” வெள்ளைத் துணி எதையாவது காட்டி நிறத்தைக் கேமராவில் பூட்டிவிட வேண்டும் என்று அவர் ரேக்கிலிருந்து ஒரு வெள்ளை பனியனை இழுத்தார்.

“அது வேண்டாமுங்ணா. வெள்ளையில டினோபால் ஏத்தியிருப்பாங்க. யூவி லைட்டுல நீலமா எரியும். நெறத்த ஏமாத்திப்போடும்.”

அவர் பனியனை வைத்துவிட்டு, டிராயரைத் திறந்து பழைய சாம்பல் நிற அட்டையை எடுத்துத் துடைத்தார். கூடவே பஞ்சு போட்ட ஒரு டப்பாவும் வந்தது. அதற்குள் ஃபிலிம் கேமரா காலத்து நிக்கான் 50 எம்எம் லென்ஸ். நடுவில் ஒரு வளையத்தை மாட்டி, லென்ஸை இந்தக் கேமராவில் திருகினார். கண்ணாடிக்காக விட்டிருந்த இடம் போய்விட்டதால் பழைய லென்ஸுக்கும் இதில் இடம் இருக்கிறது. ஃபோகஸைக் கையால்தான் வைக்க வேண்டும், ஆனால் துணி எங்கேயும் ஓடப் போவதில்லை. அந்த அம்மா அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினார். டிக், டிக் என்று எண் எண்ணாக நின்றது. 8-இல் நிறுத்தினார்.

“புது லென்ஸ் வாங்கற வரைக்கும் இத வச்சிருங்க.”

பையன் ஏழடி தள்ளிப் போனான். அட்டையைக் காட்டி நிறத்தைப் பூட்டினான். ஃபுல் எச்டியில் அலை கூடும், 4கே-க்கு மாற்று என்றார். விளக்கு வெளிச்சத்தில் கோடு ஓடாமல் இருக்க 25 பிரேம், ஷட்டர் 1/50. முதலில் அரக்கு ஃபிராக். அம்மா அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். பிறகு அந்த பிக்கே டி-ஷர்ட். அரை அடி பின்னால் போ என்றார், போனான். காலரை, பட்டன் பட்டியை, தோளை மெதுவாகக் காட்டினான்.

என் ஃபோட்டோ எட்டும் கவரில் வந்துவிட்டன. காசு கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா திரைக்கு மிக அருகில் குனிந்திருந்தார். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, அம்பு ஸ்டிக்கரை உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார்.