குங்குமச் சிமிழில் ஒரு சிம் பின்

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் மகாளய அமாவாசை, அதற்கு மறுநாள் நவராத்திரி. எள்ளும் தர்ப்பையும் வாழைக்காயும் வாங்க ஒரு கூட்டம், கொலு பொம்மை வாங்க ஒரு கூட்டம். இவர்களுக்கு நடுவே நானும் மாடி வீட்டு மாமாவும் போன் கடையைப் பார்த்து நடந்தோம்.

முந்தின நாள்தான் ஐபோன் 17 வரிசை இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்தது. இங்கிருந்து அதிக தூரமில்லாத பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஆப்பிள் கடை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்று, தள்ளுமுள்ளு வரைக்கும் போய்விட்டது. மாமாவுக்கு அந்தப் பரபரப்பெல்லாம் கிடையாது. "மகாளய பட்சத்துல புதுசு எதுவும் வாங்கறதில்லை. இன்னிக்குப் பார்க்கறதோட சரி" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு 74 வயது. மாட்டுங்கா ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கட்டைவிரல் மூட்டில் வலி. கனமான போனைப் பத்து நிமிஷம் பிடித்தால் மணிக்கட்டு வரை இழுக்கும். நியூஜெர்சியில் இருக்கும் மகள், "அப்பா, ஐபோன் ஏர் வாங்கிக்கோ, ரொம்ப லேசு" என்று பணமும் அனுப்பியிருந்தாள். விலை 1,19,900 ரூபாய்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருந்தது. கவுன்டரில் நின்ற பையன் தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலி. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "உள்ள வாங்கய்யா" என்றான். மாமா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "திங்கட்கிழமை ஜிஎஸ்டி குறையறதாமே, இதுக்கு எவ்வளவு குறையும்?"

"போனுக்குக் குறையலய்யா. 18 சதவீதம் அப்படியேதான் இருக்கு."

ஏரை எடுத்துக் கையில் கொடுத்தான். மாமா திரையைப் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விளிம்பை வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். "அஞ்சரை மில்லி இருக்குமா?" என்றார். கம்பெனி சொல்லும் கணக்கு 5.64 மில்லிமீட்டர். முப்பது வருஷம் இரும்பை அளந்த விரல். "பாம்புப் பஞ்சாங்கத்தை விட மெலிசா இருக்குடா" என்று என்னிடம் திருப்பிக் காட்டினார்.

பையன் சாதாரண 17-ஐ அவருடைய இடது கையில் வைத்தான். அதன் தடிமன் 7.95 மில்லிமீட்டர், எடை 177 கிராம். ஏரின் எடை 165. மாமா இரண்டு கையையும் தராசுத் தட்டு போல ஏற்றி இறக்கினார். "பன்னண்டு கிராம்தான் வித்தியாசமா?"

கேட்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏரின் திரை 6.5 அங்குலம், 17-க்கு 6.3. மூத்தவர்கள் கேட்பது பெரிய திரை, பெரிய எழுத்து. பெரிய திரையுள்ள புரோ மேக்ஸ் 230 கிராமைத் தாண்டிவிடுகிறது. அதோடு பார்த்தால்தான் ஏர் எவ்வளவு இறங்கி வந்திருக்கிறது என்பது புரியும். வாட்ஸ்அப்பில் வரும் தமிழ்ச் செய்தியை மாமா கண்ணாடி இல்லாமலே படித்தார். வேலைப்பாட்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே ஓடுவது ஏ19 புரோ சிப், சட்டம் டைட்டானியம். கையில் வாங்கியதும் திரும்பக் கொடுக்க மனம் வராத பொருள்.

குறைகள் ஒவ்வொன்றாகத்தான் தெரிய வந்தன. பின்பக்கம் ஒரே கேமரா. 48 மெகாபிக்சல், படம் துல்லியமாகத்தான் விழுகிறது. மாமாவின் கவலை வேறு. "தம்பி, எங்காத்துல ஒன்பது படி கொலு. ஹாலோ பத்தடி. அத்தனையும் ஒரே போட்டோவுல வருமா?" பையன் யோசிக்காமல் எதிர்ச் சுவரிலிருந்த கண்ணாடி அலமாரியை ஏரில் எடுத்தான். மேல் தட்டும் வலது ஓரமும் விடுபட்டன. சுவரோடு முதுகை ஒட்டி நின்று இன்னொரு தடவை எடுத்தான். அப்போதும் மேல் தட்டு வரவில்லை. 17-ஐ எடுத்து 0.5-ல் வைத்தான். அலமாரி முழுக்க, தரையிலிருந்த அட்டைப்பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. அகலக் கோண லென்ஸ் 17-ல் உண்டு, ஏரில் இல்லை. மும்பையில் பத்தடி ஹாலில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த லென்ஸ் மிகவும் தேவை.

அடுத்தது ஒலி. மாமி காலையில் சமையலறை அலமாரியில் போனைச் சாய்த்து வைத்து சகஸ்ரநாமம் கேட்பவர். ஏரில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் மேலே, நாம் காது வைக்கிற இடத்தில். பையன் ஒரு நாகஸ்வரம் போட்டான். சத்தம் வந்தது, நிறைவு வரவில்லை. 17-ல் மேலும் கீழுமாக இரண்டு ஸ்பீக்கர். அதே நாகஸ்வரம் கடை முழுக்கப் பரவியது. பேட்டரிக்கும் இதே கதை. தொடர்ந்து வீடியோ பார்த்தால் ஏருக்கு 27 மணி நேரம், 17-க்கு 30 மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு. ஏரின் முதுகில் ஒட்டிக்கொள்ளத் தனி பேட்டரி விற்கிறார்கள். அதை ஒட்டினால் மெலிசு எங்கே போயிற்று?

இதையெல்லாம் மாமா பொறுத்துக்கொண்டிருப்பார். போனைத் திருப்பித் திருப்பி, நான்கு பக்கமும் விரலால் தடவியவர் கேட்டார்: "சிம் எங்க போடறது?"

"இதுல சிம் போட இடமே கிடையாதுய்யா. எல்லாம் இ-சிம்தான்."

மாமா பேசவில்லை. அவர் வீட்டு நடைமுறை எனக்குத் தெரியும். பூஜை அலமாரியில் பழைய குங்குமச் சிமிழ் ஒன்றில் சிம் பின்னைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். போன் படுத்துவிட்டால் பின்னை எடுத்து, சிம்மைக் கழற்றி, மாமியின் பழைய போனில் போட்டுவிடுவார். பென்ஷன், காஸ் சிலிண்டர், ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அந்த ஒரு நம்பரில். கடைக்கோ பிள்ளைக்கோ காத்திருக்காமல் தன் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பெரிய தைரியம்.

பையன் விடவில்லை. "அய்யா, லோக்கல் டிரெயின்ல போனைப் பறிச்சிட்டுப் போறவன் முதல்ல சிம்மைத்தான் உருவி எறிவான். இ-சிம்மை அப்படி உருவ முடியாது. போன் எங்க இருக்குன்னு தேடலாம்லா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. தாதரில் இறங்கும்போது போனைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆனாலும் நான் மாமா பக்கம். என் நம்பர் இ-சிம்மில்தான் இருந்தது. போன வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று போன் மாடிப்படியில் விழுந்து திரை செத்துப்போனது. கழற்றி வேறு போனில் போட ஒன்றுமில்லை. சேவை மையத்துக்கு ஓடி, அடையாளம் காட்டி, புது போனில் நம்பரை ஏற்றுவதற்குள் மாலையாகிவிட்டது. அதன் பிறகும் ஓடிபி வரவில்லை. நம்பருக்குப் புது சிம் எடுத்தால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறை 2022-ல் போட்ட உத்தரவு. நம்பரைத் திருடி வங்கிக் கணக்கைச் சுரண்டுகிறவர்களைத் தடுக்க வந்த விதி, நல்ல விதி. அன்றைக்கு அது என்னைக் கட்டிப்போட்டது. பீரோவைத் திறந்து ரொக்கமாக எண்ணிக் கொடுத்தவர் இந்த மாமாதான்.

மகளுக்கு இது புரியாததில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்தே சிம் தட்டு கிடையாது. துபாயிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் 17-இலும் இப்போது இல்லை. இந்தியாவில் விற்கும் 17-க்குத் தட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். ஏருக்கு எந்த நாட்டிலும் இல்லை. சீனாவில் இ-சிம்முக்கு அரசு அனுமதி கிடைக்கத் தாமதமாகி, அங்கே ஏர் அக்டோபர் 22-ல்தான் கடைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒசூரிலும் நம் பெண்கள் கை நோக ஐபோன்களைக் கோக்கிறார்கள். இந்த நாட்டில் ஒரு நம்பரை நம்பி எத்தனை குடும்பம் ஓடுகிறது என்பதைப் பார்த்து, இங்கே விற்கும் ஏருக்கும் ஒரு தட்டு வைத்திருக்க வேண்டும். கால் மில்லி தடிமன் கூடினாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாமா ஏரை இரண்டு கையாலும் பையனிடம் கொடுத்தார். "ரொம்ப அழகா இருக்கு தம்பி. அந்த இன்னொண்ணை எடுத்து வை. திங்கட்கிழமை வரேன்."

17-இன் விலை 82,900. மிச்சம் 37,000 ரூபாய். மகள் கோபித்துக்கொள்வாளோ என்று வழியெல்லாம் கவலைப்பட்டார். பண்டார்கர் ரோட்டில் மாமிக்குக் கதம்பம் வாங்கினோம்.

திங்கட்கிழமை மாலை மாமி ஏழாவது படியில் செட்டியார் பொம்மையை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். மாமா வாங்கி வந்த 17-இன் பெட்டிக்குள் பளபளவென்று புது பின் ஒன்று இருந்தது. மாமா அதைத் தொடவில்லை. சிமிழைத் திறந்து பழைய பின்னை எடுத்தார். குங்குமம் ஒட்டியிருந்ததை வேட்டி நுனியில் துடைத்தார். பழைய போனின் தட்டைத் திறந்து, சிம்மை எடுத்து, புதுப் போனில் வைத்துத் தள்ளினார். சிக்னல் வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பணம் அனுப்பும் ஆப் நம்பரைச் சரிபார்க்க எஸ்எம்எஸ் அனுப்பியது, உடனே போயிற்று.

பூக்காரம்மாவுக்கு அன்றைய பாக்கி 40 ரூபாயை அனுப்பிவிட்டு, மாமா பின்னைக் காகிதத்தில் சுற்றினார்.