இரண்டா, நான்கா?

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லுஹருக்கு ஒளூச் செய்துவிட்டு அமர்ந்திருந்தோம். எமது கைப்பேசி ஒலித்தது. பேசியவர் எம் மதரஸாவில் ஓதிய மாணவர். பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் மகன். இப்பொழுது ஜெர்மனியின் ஆகன் நகரில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறார். ஸலாம் கூறியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், வார விடுமுறைக்குப் பாரிஸ் வந்தேன். நேற்று அஸர் களாவாகிவிட்டது. இரண்டு ரக்அத் தொழ வேண்டுமா, நான்கா?" என்று கேட்டார்.

விடை எளிது. ஆகனிலிருந்து பாரிஸ் முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. இரண்டு நாள் மட்டுமே தங்குபவர் பயணியே. பயணத்தில் தவறிய நான்கு ரக்அத் தொழுகையை, ஊர் திரும்பிய பின் களாச் செய்தாலும் இரண்டாகவே தொழ வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அதைக் கூறினோம். ஆயினும் எம் மனம் அடங்கவில்லை. "ஏன் தவறியது, தம்பி?" என்று கேட்டோம்.

உடன் வந்தவர்கள் வகுப்புத் தோழர்கள் இருவர். ஒருவர் ஜெர்மானியர், மற்றவர் வட இந்தியர். ஈஃபில் கோபுரத்தின் கீழ் வரிசையில் நின்றிருந்தபோது அஸர் நேரம் வந்தது. குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஒளூவுடன்தான் இருந்திருக்கிறார், தொழ இடமும் இருந்திருக்கிறது. "பத்து நிமிடம் காத்திருங்கள், தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஹஜ்ரத். வெட்கமாக இருந்தது" என்றார்.

அந்தச் சொல் எம்மைச் சுட்டது. பெங்களூரு விமான நிலையத்திற்குப் புறப்படுமுன் அவருடைய தாயார், "படிப்பு வந்துவிடும் ஹஜ்ரத், ஈமான் போய்விடக் கூடாது, துஆச் செய்யுங்கள்" என்று அழுதது நினைவுக்கு வந்தது. நாமும் அன்று ஹராமான உணவு, மது, தீய நட்பு என்று அஞ்ச வேண்டியவற்றையே அடுக்கினோம். கஸ்ரின் சட்டத்தை மக்தபில் ஒரே நாளில் ஓதிக்கொடுத்து முடித்திருந்தோம். அதைப் பிறர் நடுவே தயக்கமின்றி நிறைவேற்றும் விதத்தைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. நாற்புறமும் பாங்கொலி கேட்கும் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு, "நான் தொழ வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லும் தேவை ஒருநாளும் ஏற்பட்டதில்லை. குறை அவரிடம் மட்டுமன்று, எம்மிடமும் இருந்தது.

எனவே அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஹைதராபாத்தில் 1908-இல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்களைப் பற்றிக் கூறினோம். ஆகனுக்கு அருகிலுள்ள பான் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பாரிஸ் சோர்போனிலும் 1930-களில் முனைவர் பட்டம் பெற்றவர். பல்லாண்டுகள் பாரிஸிலேயே வாழ்ந்து, 1959-இல் திருக்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். "அதே ஊரில் ஓர் இந்திய மாணவர் இவ்வாறு வாழ்ந்திருக்கிறார். இன்று தோழர்களிடம் வாய் திறந்து சொல்லிப் பாருங்கள்" என்றோம்.

அன்றிரவு அவருடைய குரல் பதிவு வந்தது. தோழர்களிடம் சொன்னாராம். அவர்களோ, "நேற்றே சொல்லியிருக்கலாமே!" என்று வியந்தார்களாம். மூவருமாகப் பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவைப் போற்றி எழுப்பப்பட்டு, 1926-இல் திறக்கப்பட்ட பள்ளி அது. அதன் மினாரா 33 மீட்டர் உயரமுடையது. பள்ளியை ஒட்டிய தேநீர்க்கடையில் தோழர்கள் புதினாத் தேநீர் அருந்திக் காத்திருக்க, இவர் உள்ளே சென்று முதலில் களாவை நிறைவேற்றினார். பின்னர் இமாமுடன் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுதார். உள்ளூர் இமாமைப் பின்பற்றும் பயணி சுருக்கித் தொழக் கூடாதென்று ஓதியதை மறக்கவில்லை. அதைக் கேட்டு எம் கண்கள் கலங்கின.

அச்சம் நீங்கிய பின்பும் கஸ்ர் எதற்கு என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. படைத்தவன் பயணியின் சுமையைப் பாதியாகக் குறைத்திருக்கிறான். மீதிப் பாதியைச் சுமக்க முடியாமல் செய்வது பெரும்பாலும் நம்முடைய கூச்சமே.

பெற்றோர்களே, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டித் தருகிறீர்கள். அத்துடன் கஸ்ரின் சட்டத்தையும், "பத்து நிமிடம் காத்திருங்கள்" என்று புன்னகையுடன் சொல்லும் துணிவையும் சேர்த்து அனுப்புங்கள். இவ்வாண்டு முதல் எம் மதரஸாவில் மாணவர்களைத் தருமபுரி பேருந்து நிலையத்திற்கு அழைத்துச் சென்று, ஓர் ஓரத்தில் விரிப்பை விரித்துத் தொழப் பழக்குகிறோம். முதல் நாள் எல்லோரும் கூசினார்கள். உண்மையைச் சொன்னால், நாமும் சற்றுக் கூசினோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எந்த ஊரிலும் தொழுகையாளிகளாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.