கண்மாய்க் கணக்கு

பின்லாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் ஏரி ஐஸில் ஓட்டை போட்டு இறங்கிக் குளிக்கிறார்கள். 4 டிகிரியில்தான் தண்ணீருக்குக் கனம் அதிகம் என்பதால் அது அடியில் தங்கிவிடும், மேலேதான் ஐஸ்.

நமக்கு ஏது ஐஸ்? புதுக்கோட்டைப் பக்கம் எல்லாம் கண்மாய்தான். கவிநாடு மாதிரி கடலாக விரியாது, எங்க ஊருது சின்னது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். மார்கழி விடியலில் கரையில் நின்றால் பல் தந்தியடிக்கும், இறங்கிவிட்டால் வெதுவெதுப்பு. தண்ணீரும் நம்ம மேனேஜர் மாதிரி. லேசில் சூடாகாது, சூடானால் லேசில் ஆறாது!

பங்குனி மதியம் வேறு கதை. மேலே ஒரு முழம் வெந்நீர், கீழே ஜில். சூடான தண்ணீர் லேசு, மேலேயே நிற்கும்.

போன பங்குனியில் அக்கா பையனுக்கு நீச்சல் கற்றுத்தர, சின்ன வயசில் இடுப்பளவு நின்ற இடமாச்சே என்று நான் முதலில் இறங்கினேன். திடீரென்று காலில் ஜில்! தரையைக் காணோம். முந்தின கோடையில் வற்றியபோது வண்டல் அள்ளிய பள்ளம். மூச்சு அடைத்தது. பையனோ, "மாமா, டைவா?" என்று கை தட்டுகிறான்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியவர்தான் வேட்டியை வீசி இழுத்துப்போட்டார். "தம்பி, கண்மாய் வருஷா வருஷம் மாறும்ல. கம்பை ஊன்றிப் பார்த்துல்ல இறங்கணும்?"

போன வருஷ குளோசிங் பேலன்ஸ்தான் இந்த வருஷ ஓப்பனிங் பேலன்ஸ் என்று பி.காமில் படித்தேன். கண்மாய்க்கு அது செல்லாது சார்!