வலியறிதல்

வலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. நோவும் வலி, ஆற்றலும் வலி. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' ஆற்றலை அறிவது பற்றியது. ஆண்டுதோறும் இதனை மாணவர்க்கு விளக்கிவந்த நான், என் உம்மாவின் உடலில் ஒரு வலி நீங்க மற்றொரு வலியும் நீங்கியதை அறியத் தவறினேன்.

பரங்கிப்பேட்டை வீட்டில் விடியலில் முதலில் எழுபவர்கள் உம்மாதான். ஐம்பது வயதைக் கடந்தபோது முடக்குவாதம் பற்றியது. விரல் மூட்டுகள் வீங்கின; காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்கவும் இயலவில்லை. சிதம்பரத்தில் மருத்துவர் ஒருவர், மற்ற மருந்துகளுடன் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சிறிது காலத்திற்கு மட்டும் எழுதித் தந்தார். சில நாள்களில் வீக்கம் வடிந்தது. உம்மா மீண்டும் அடுப்படிக்கு வந்தார்கள்.

இவ்வியப்பை உலகம் முதலில் கண்டது 1948இல். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் கார்டிசோன் செலுத்திய பெண்ணொருவர், முடங்கிக் கிடந்த நிலையிலிருந்து சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. தீய விளைவுகளும் அக்காலத்திலேயே தென்படலாயின.

நாங்களோ நோவு நீங்கிய மகிழ்ச்சியில் மருத்துவரை மறந்தோம். பழைய சீட்டைக் காட்டியே ஈராண்டுகள் மாத்திரை வாங்கினோம். முகம் பருத்தது, உடம்பு தேறிவிட்டதென உறவினர் மகிழ்ந்தனர். ஆனால் தொழுகையில் தரையிலிருந்து எழ உம்மா சுவரைப் பற்றினார்கள். சிதம்பரம் பேருந்தின் படியில் ஒரு கால் வைத்தவர்கள், மறுகாலைத் தூக்க மாட்டாமல் நின்றார்கள்.

"வலிக்கிறதா உம்மா?" என்றேன்.

"வலியில்லை வாப்பா, கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை."

மூப்பென்று எண்ணி வாளாவிருந்தேன். பின்னர் நாளிதழ் ஒன்றில் ஸ்டீராய்டின் தீமைகளைப் படித்து, அஞ்சி, மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். இது முன்னதினும் பெரும்பிழை. சில நாள்களில் வாந்தியும் மயக்கமுமாக உம்மாவை இரவோடிரவாகச் சிதம்பரத்துக்குக் கொண்டு சென்றோம்.

மருத்துவர் கடிந்துகொண்டே விளக்கினார். நெடுநாள் வெளியிலிருந்து இம்மருந்து வந்தால், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் தம் பணியை மறந்து உறங்கும். அவை விழிக்கும்வரை மருந்தைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். தசையின் புரதத்தை இம்மருந்து சிதைக்கும்; இடுப்பும் தொடையும் தோளும் முதலில் மெலியும்; பெரும்பாலும் நோவிராது. வாதநோயின் அழற்சியும் அசையாதிருத்தலும் தசையை மேலும் கரைக்கும். முகத்தின் பருமன் இம்மெலிவை மறைத்துவிடும்.

அளவு மாதக்கணக்கில் குறைந்தது. முட்டை, மீன், பருப்பு உணவில் கூடின. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியை உம்மா நாள்தோறும் செய்தார்கள். எட்டாம் மாதத்தில் ஒருநாள், சுவரைத் தொடாமல், முழங்காலில் ஒரு கையை மட்டும் ஊன்றித் தரையிலிருந்து எழுந்தார்கள். அன்று நான் அழுதேன்.

மாணவச் செல்வங்களே! உயிர்காக்கும் இம்மருந்தைப் பழிப்பது என் நோக்கமன்று. உங்கள் இல்லத்தில் இதனை உண்போர் இருப்பின், எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகத் தொடரவும் வேண்டா, நிறுத்தவும் வேண்டா. வலிக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அவர்கள் எவ்வாறு எழுகிறார்கள் என்பதையும் பாருங்கள். நான் பார்த்தும் அறியாதிருந்தது அதனைத்தான்.