போகிப் புகையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்

ஊரே பழைய பாயைக் கொளுத்தும் போகி இரவில், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஊழியர்கள் பலருக்குத் தூக்கம் கிடையாது.

சென்னையில் 15 இடங்களில் காற்றை உறிஞ்சும் கருவிகள் விடிய விடிய ஓடும். எடைபோட்ட வெள்ளை வடிதாளைப் பொருத்தி, காற்றை இழுக்கவிட்டு, மறுபடி எடைபோடுவார்கள். ஏறியிருக்கும் எடைதான் அந்தக் காற்றில் மிதந்த தூசி. பி.எம். 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியில் தேசிய வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்.

டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் அந்த வரம்பு எம்மாத்திரம்! 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே சரியாகத் தெரியாமல் விமானங்கள் தடுமாறின.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்ப நினைக்கும் ஊழியரும், ஆய்வகத்தில் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.