பனி பெய்யாத தீவில் ஒரு வெள்ளைச் சிக்கல்

நிலநடுக்கோட்டுக்கு ஏழு டிகிரி வடக்கே இருக்கும் கேம்பல் பேயில் பனி விழ வழியே இல்லை. கிரேட் நிக்கோபார் தீவின் மிக உயர்ந்த தல்லியர் மலையே 642 மீட்டர்தான். ஆனாலும் இங்கே கேமராவைத் தூக்குபவருக்குக் குல்மார்க்கில் படமெடுப்பவரின் அதே தலைவலி காத்திருக்கிறது. கண்ணைக் கூசவைத்த வெள்ளைக் கடற்கரை, பிரின்ட்டில் அழுக்கு வேட்டி போல வந்து நிற்கும்.

பவளப் பாறையும் சிப்பியும் நொறுங்கி உண்டான மணல் இது. கேமராவின் ஒளிமானிக்கு உலகமே நடுத்தரச் சாம்பல். தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக அதற்குக் கணக்கு. புதுப் பனியோ 80 சதவீதத்துக்கு மேல் திருப்பியடிக்கும். மணல் அவ்வளவு இல்லை என்றாலும் மீட்டரை ஏமாற்றப் போதும். ஒளி அதிகம் என்று நினைத்து அது வாசலைக் குறுக்கிவிடுகிறது. மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், பனியென்றால் ஒன்றரை, இரண்டு கூடுதலாகக் கொடுப்பதுதான் பழைய வைத்தியம்.

ஃபிலிம் காலத்தில் அதோடும் முடியாது. ஸ்டூடியோவின் பிரின்டிங் மெஷினும் சராசரி பார்க்கும் ஜாதி. சரியாக எடுத்த நெகட்டிவையும் அது மறுபடி சாம்பலாக்கிவிடும். நிழலில் இன்னொரு வம்பு. பனியானாலும் மணலானாலும் நிழலுக்கு வெளிச்சம் தருவது நீலவானம் மட்டுமே. ஆகவே நிழல் நிஜமாகவே நீலம்தான். நம் கண் அதைத் தள்ளுபடி செய்துவிடும், ஃபிலிம் செய்யாது. நீலத்தை முழுக்கத் துடைத்தால் வெயில்பட்ட மணல் மஞ்சளடிக்கும். கொஞ்சம் நீலத்தை விட்டுவைப்பதே நேர்மை.

கறுப்பு வெள்ளையில் கணக்கு எளிது. ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' தாளானாலும் வெளிநாட்டுத் தாளானாலும், தாளைவிட வெள்ளையை அதில் கொண்டுவர முடியாது. விவரமறிந்தவர்கள் மணலைத் தாளுக்கு ஒரு மாற்றுக் குறைவாக வைத்து, சுத்த வெள்ளையை அலை நுரைக்கு ஒதுக்குவார்கள்.

1969 முதல் பஞ்சாப், மகாராஷ்டிரம், தமிழ்நாடு என்று பல மாநிலங்களிலிருந்து முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. பனியைப் பார்த்த கண்கள் அவர்களில் இல்லாமலா இருக்கும்! 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. அன்று மூழ்கிய கரைகளுக்கு இன்று பழைய படங்களே சாட்சி. கலர் பிரின்ட்டோ வயதாக ஆக நிறம் மாறும். அதை ஸ்கேன் செய்து 'ஆட்டோ'வில் திருத்தினால் கிடைப்பது மெஷின் ஊகித்த மணல்.

கலத்தியா விரிகுடாவில் இது வெறும் அழகுப் பிரச்னை அல்ல. துறைமுகத் திட்டத்துக்காக 2021-ல் அங்கிருந்த சரணாலயம் ரத்தானது. 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்திய லெதர்பேக் ஆமைகள் முட்டையிட ஏறும் கரை அது. டிராக்டர் டயர் போன அச்சுப் போல இருக்கும் அவற்றின் தடம். உச்சிவெயிலில் எடுத்து மணலை வெளுக்கவிட்டால் தடம் படத்திலிருந்தே காணாமல் போகும். பருவத்தில் ஐந்து, ஐந்தரைக்கே சூரியன் எழும். வெளிச்சம் சாய்வாக விழும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு துடுப்படிக்கும் தனி நிழல் உண்டு.